படுக்கைப் புண்: முதுகுத்தண்டு அடிபட்டவர்களும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மரத்திலிருந்து விழுந்தோ, பைக் விபத்திலோ, கிணற்று வேலையிலோ முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழோ கழுத்துக்குக் கீழோ உணர்ச்சி போனவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்தப் பக்கம். பக்கவாதத்தில் படுத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

மெத்தையில்தான் படுத்திருக்கிறார். பிறகு எப்படிப் புண் வருகிறது?

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை மாட்டிக்கொள்கிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 32 மி.மீ. பாதரசம்தான். வெளியிலிருந்து அதைவிட அதிகமாக நெடுநேரம் அமுங்கினால் ரத்தம் போகாது. ரத்தம் போகாத சதை செத்துவிடும். உணர்ச்சி உள்ளவர் தூக்கத்திலேயே புரண்டுகொள்வார், நாற்காலியில் நெளிந்துகொள்வார். உணர்ச்சி இல்லாதவருக்கு அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அழுத்தம் மிக அதிகமாக இருப்பது எலும்பை ஒட்டிய இடத்தில். தோலைவிடத் தசை சீக்கிரம் சாகும். அதனால் ஆழமான புண் பெரும்பாலும் உள்ளே தொடங்கித்தான் வெளியே வருகிறது. தோலில் ஒரு ரூபாய் நாணயம் அளவு தெரியும். உள்ளே உள்ளங்கை அளவு குழி இருக்கும். "நேற்றுவரை ஒன்றுமில்லை, இன்று காலையில் திடீரென்று வந்துவிட்டது" என்று சொல்லப்படும் புண்களில் பல, சில நாட்களுக்கு முன்பே உள்ளே தொடங்கியவை.

இதோடு இழுவையும் சேரும். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் உடல் மெல்லக் கீழே சரியும்போது தோல் விரிப்பில் ஒட்டி நிற்கும், எலும்பு மட்டும் நகரும். நடுவில் ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். வியர்வையிலும் மூத்திரத்திலும் ஊறிய தோல் இன்னும் எளிதாகக் கிழியும்.

எந்தெந்த இடங்களைப் பார்க்க வேண்டும்?

மல்லாந்து படுப்பவருக்குப் பின்தலை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, புட்டப் பிளவுக்குச் சற்று மேலே உள்ள தட்டை எலும்பு, குதிகால். ஒருக்களித்துப் படுப்பவருக்கு இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசும் இடம், கணுக்கால் மொட்டு. உட்காருபவருக்குப் புட்டத்துக்குள் இருக்கும் இரண்டு உட்காரும் எலும்புகளும் வால் எலும்பும்.

எலும்பு இல்லாத இடத்திலும் வரும். தொடைக்கடியில் சிக்கிய யூரின் டியூப், பின்பாக்கெட்டில் மறந்துபோன சாவி, ஜீன்ஸின் தடித்த தையல், இறுக்கமான அரைஞாண் கயிறு, அதில் கோத்த தாயத்து, காலில் கொலுசு, வீங்கிய பாதத்தில் போட்ட ஷூ. அரைஞாணைக் கழற்ற மனம் வராவிட்டால் குறைந்தது தளர்த்திவிடுங்கள். தாயத்தை வயிற்றுப் பக்கம் திருப்பி வைத்தாலும் புரட்டும்போது அது முதுகுக்கடியில் போய்விடும்.

எல்லோரும் "சிவந்திருக்கிறதா பாருங்கள்" என்கிறார்கள். எங்கள் தோல் நிறத்தில் சிவப்பே தெரியவில்லையே?

தெரியாதுதான். கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பைத் தேடினால் முதல் கட்டம் தப்பிப்போகும். பக்கத்துத் தோலைவிடக் கறுத்தோ, ஊதாவாகவோ, பளபளப்பாகவோ இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விரல்களின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள்: சூடாக இருக்கிறதா, கல்போல் கெட்டியாகவோ சேறுபோல் கொழகொழவென்றோ இருக்கிறதா? காலையில் எழும் முன் ஒருமுறை, இரவு படுத்ததும் ஒருமுறை. கைகள் வேலை செய்பவர் நீளக் காம்பு வைத்த கண்ணாடியில் தானே பார்த்துக்கொள்ளலாம். செல்போனில் படம் எடுத்துப் பார்ப்பது இன்னும் எளிது. முந்தைய நாள் படத்தோடு ஒப்பிடலாம்.

நிறம் மாறிய இடத்திலிருந்து பாரத்தை முழுக்க எடுத்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். பழைய நிறம் திரும்பிவிட்டால் அது எச்சரிக்கை. திரும்பாவிட்டால் அதுதான் முதல் கட்டப் புண், தோல் கிழியாவிட்டாலும். மேல்தோல் உரிந்தாலோ கொப்புளம் வந்தாலோ இரண்டாம் கட்டம். கொழுப்பு தெரிந்தால் மூன்றாவது. தசை, தசையை எலும்போடு இணைக்கும் நார், எலும்பு தெரிந்தால் நான்காவது. மேலே கறுப்புப் பொருக்கு மூடியிருந்தால் ஆழம் தெரியாது. ஆழமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழியாத தோலில் கரு ஊதாத் திட்டு தெரிந்தால் அதை அடிபட்ட கன்றல் என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும் அடையாளம் அது.

அந்த இடத்தை எண்ணெய் தேய்த்து நீவிவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. வேண்டாம். ஏற்கெனவே நசுங்கிய சதையை அது மேலும் கிழிக்கும்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொன்னார்கள். இரவிலுமா?

தொடக்க மாதங்களில், ஆமாம், இரவிலும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் முதுகுத்தண்டு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியபோது, இரவு பகல் பாராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதைக் கட்டாயமாக்கினார். அதுவரை முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் பெரும்பாலும் படுக்கைப் புண்ணிலும் மூத்திரத் தொற்றிலுமே இறந்துகொண்டிருந்தார்கள்.

தோல் பழகிய பிறகு, நல்ல மெத்தை இருந்தால், இடைவெளியை ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் கூட்டிப் பார்க்கலாம். காலையில் தோலில் மாற்றம் இல்லையென்றால் அதே இடைவெளியைச் சில நாள் வைத்திருந்து, பிறகு இன்னும் அரை மணி. சிலர் இரவில் 4 மணி நேரம்வரை போகிறார்கள். திட்டு தெரிந்த அன்றே பழையபடி 2 மணி நேரத்துக்குத் திரும்ப வேண்டும்.

முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. மொத்தப் பாரமும் இடுப்பின் பக்க எலும்பில் இறங்கிவிடும். 30 டிகிரி சாய்த்தால் போதும்: முதுகுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, கெண்டைச் சதைக்கடியில் ஒன்று. குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். விரிப்புக்கும் குதிகாலுக்கும் நடுவில் உங்கள் கை நுழைந்து வெளியே வர வேண்டும். சரியாகச் சாய்த்திருக்கிறோமா என்று தெரிய, கீழ்ப்பக்கப் புட்டத்துக்கடியில் கையை நுழைத்துப் பாருங்கள். பக்க எலும்பும் நடு எலும்பும் மெத்தையில் முட்டாமல், நடுவில் உள்ள சதைதான் பாரத்தைத் தாங்க வேண்டும்.

ஒரே ஆள் இருக்கும் வீட்டில் பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அடியில் போட்டு வைத்தால் உடலை இழுக்காமல் புடவையைத் தூக்கித் திருப்பலாம். மேலே ஏற்றுவதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். அக்குளில் கைகொடுத்து இழுத்தால் புட்டத்துத் தோல் விரிப்போடு தேயும்.

தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் நெடுநேரம் உயர்த்தி வைக்காதீர்கள். சாப்பிடும்போதும் சாப்பிட்ட பின் அரை மணி நேரமும் உயர்த்தலாம், அப்போது முழங்காலுக்கடியிலும் சற்று உயர்த்திவிட்டால் சரியாது. குப்புறப் படுக்க முடிந்தவருக்கு அது மிக நல்லது. பின்பக்க எலும்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு. கழுத்தில் அடிபட்டவரும் மூச்சுச் சிரமம் உள்ளவரும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

ஏர் பெட் வாங்கினால் புரட்ட வேண்டியதில்லையா?

புரட்ட வேண்டும். ஏர் பெட்டில் உள்ள அறைகள் மாறி மாறிக் காற்று நிரம்பி இறங்கும். பாரம் இடம் மாறுமே தவிர மறைந்துவிடாது. வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை: ஆளைப் படுக்க வைத்து, காற்று மெத்தைக்கு அடியில், இடுப்புக்கு நேராக, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழையுங்கள். கைக்கும் எலும்புக்கும் நடுவில் 2.5 சென்டிமீட்டர் காற்றாவது இருக்க வேண்டும். எலும்பு கையில் முட்டினால் காற்று போதவில்லை, பம்பில் உள்ள எடைக் குமிழைத் திருப்புங்கள். முழுக்க இறுக்கி வைத்தாலும் தவறு, பலகையாகிவிடும்.

ஏர் பெட்டுக்கு மேலே ரெக்சின் ஷீட், அதற்கு மேல் போர்வை, அதற்கு மேல் மடித்த துணி என்று அடுக்கினால் காசு வீண். ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு போதும், அதையும் இறுக்கிச் செருகாதீர்கள். சேஃப்டி பின் பக்கத்திலேயே வரக் கூடாது. கரண்ட் போனால் சில மாடல்களில் காற்று இறங்கிவிடும். அதனால் அடியில் எப்போதும் ஒரு ஃபோம் மெத்தை இருக்கட்டும், இன்வெர்ட்டர் இருந்தால் பம்பை அதில் கொடுங்கள்.

தண்ணீர் நிரப்பும் வாட்டர் பெட்டில் தண்ணீர் குறைந்தால் எலும்பு அடியில் முட்டும், அதிகமானால் புரட்டவே முடியாது. இலவம்பஞ்சு மெத்தை கட்டிதட்டிப் போகும், தேங்காய் நார் மெத்தை கடினம், கயிற்றுக் கட்டில் நடுவில் குழிந்து கயிறு பதியும். இவற்றுக்குமேல் 10 சென்டிமீட்டர் கனத்தில் அடர்த்தியான நல்ல ஃபோம் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

வீல்சேரில் அடிக்கடி கையூன்றி எழும்புகிறார். அது போதாதா?

பெரும்பாலானோர் 10, 15 விநாடி எழும்பிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நசுங்கிய சதைக்குள் ஆக்சிஜன் பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் கையூன்றி நிற்க யாராலும் முடியாது, தோள் மூட்டும் போய்விடும். அதற்குப் பதிலாக முன்னால் குனியுங்கள்: பிரேக் போட்டு, மார்பைத் தொடையின் மேலோ எதிரே உள்ள மேசையின் மேலோ சாய்த்து 2 நிமிடம். முடியாதவர் இடப்பக்கம் 2 நிமிடம், வலப்பக்கம் 2 நிமிடம் சாயலாம். கழுத்தில் அடிபட்டவருக்கு வேறொருவர் நாற்காலியைப் பின்னால் நன்றாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை. செல்போனில் அலாரம் வையுங்கள்; டிவி சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் குனிவது என்று பழக்கிக்கொண்டாலும் சரி.

நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தில் உட்கார வைக்காதீர்கள். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் தொங்கும் சதைக்கு ரத்தம் போகாமல் செய்யும். மெடிக்கல் கடைகளில் இன்னமும் இதைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது வருத்தம். ஃபோம், ஜெல், காற்றறைக் குஷன் மூன்றில் எது வாங்கினாலும் கைச் சோதனை செய்யுங்கள். ஃபோம் குஷன் அமுங்கி எழாமல் போனால் மாற்ற வேண்டும்; தினம் முழுக்க உட்காருபவருக்கு அது ஓரிரு ஆண்டுக்கு மேல் தாங்குவது அரிது. கால்மிதி உயரமாக இருந்தால் தொடை தூக்கிக்கொண்டு மொத்தப் பாரமும் உட்காரும் எலும்பில் விழும். தொடை முழுவதும் குஷனில் படியும்படி வையுங்கள்.

டாய்லெட் நாற்காலியை மறந்துவிடுகிறோம். குஷனில் நாள் முழுவதும் கவனமாக இருந்துவிட்டு, கடினமான பிளாஸ்டிக் விளிம்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அங்கேயே புண் தொடங்கும். மெத்தை வைத்த இருக்கை போடுங்கள், நடுநடுவே சாயச் சொல்லுங்கள்.

புண் வந்துவிட்டது. முதலில் என்ன?

முதலில் மருந்து அல்ல. அந்த இடத்தின் மேல் பாரமே விழக் கூடாது. புட்டத்தில் புண் என்றால் உட்காருவது நிற்க வேண்டும். விலை உயர்ந்த டிரெஸ்ஸிங் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தால் ஆறாது. "எல்லா மருந்தும் போட்டாச்சு, ஆறவே இல்லை" என்று வருகிறவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள் என்பதுதான்.

புண்ணைக் கழுவ மெடிக்கலில் கிடைக்கும் 0.9 சதவீத சலைன் (உப்பு நீர்) நல்லது. இல்லையென்றால் 1 லிட்டர் தண்ணீரை 10 நிமிடம் கொதிக்கவிட்டு, 9 கிராம் தூள் உப்பு (தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன்) கரைத்து, மூடி ஆறவையுங்கள். 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கையை சோப்பு போட்டுக் கழுவி, கையுறை போட்டு, பழைய டிரெஸ்ஸிங் ஒட்டியிருந்தால் சலைன் ஊற்றி ஊறவைத்து எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் புதிதாக வளர்ந்த சதையும் சேர்ந்து வரும். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில் சலைனை எடுத்துப் பீய்ச்சிக் கழுவுங்கள். பஞ்சால் தேய்க்காதீர்கள், இழை உள்ளே தங்கும்.

குழியான புண்ணில் சலைனில் நனைத்துப் பிழிந்த காஸை (கட்டுப் போடும் வலைத்துணி) தளர்வாக நிரப்ப வேண்டும். அடைத்துத் திணித்தால் அதுவே உள்ளிருந்து அழுத்தும். எத்தனை காஸ் வைத்தோம் என்று எண்ணிக் குறித்துவையுங்கள், ஒரு முனை வெளியே தெரியட்டும். உள்ளே தங்கிப்போன ஒற்றைக் காஸ் துண்டால் மாதக்கணக்கில் சீழ் வடிவதுண்டு. மேலே உலர்ந்த காஸ், பிளாஸ்டர். தினம் ஒருமுறை அல்லது இருமுறை, மலம் பட்டால் உடனே மாற்ற வேண்டும். ஆழமில்லாத, சுத்தமான புண்ணுக்கு ஹைட்ரோகொலாய்டு ஒட்டுப் பட்டை போட்டால் 3 முதல் 7 நாள் விடலாம். சீழ் இருந்தால் அதைப் போடக் கூடாது.

வாரம் ஒருமுறை நீளம், அகலம், ஆழம் அளந்து தேதியோடு எழுதுங்கள். 2 முதல் 4 வாரத்தில் அளவு குறையவில்லையென்றால் ஏதோ தவறு இருக்கிறது: பாரம், தொற்று, சாப்பாடு, சர்க்கரை, எலும்பு. இந்த வரிசையில் தேடுங்கள்.

பீட்டாடின், ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள், தேன்?

பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் அழுக்கு வெளியேறுவதுபோல் தோன்றும். அது வளரும் செல்களையும் சேர்த்துக் கொல்லும். ஸ்பிரிட்டும் அப்படித்தான். பீட்டாடின் கிருமி மிகுந்த புண்ணில் மருத்துவர் சொன்னால் சில நாள். சுத்தமான சிவந்த புண்ணில் தினமும் ஊற்றினால் ஆறுவது தாமதப்படும். கடைத் தேன், சமையல் மஞ்சள்தூள், முகப் பவுடர், தேங்காய் எண்ணெய், வேப்பிலை அரைப்பு எதுவும் கிழிந்த புண்ணுக்குள் போகக் கூடாது. அவற்றில் கிருமி இருக்கும். மருத்துவப் பயனுக்கென்று கிருமி நீக்கிய தேன் வேறு பொருள்.

கறுப்பாகப் பொருக்கு கட்டியிருக்கிறது, நாறுகிறது. வெட்டிவிடலாமா?

வீட்டில் வெட்டாதீர்கள். புட்டத்தில் உள்ள செத்த சதையை அறுவை மருத்துவர் நீக்கினால்தான் அடியிலிருந்து புதுச் சதை வளரும். நீக்கிய பிறகு புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும், பயப்பட வேண்டாம். குதிகாலில் உலர்ந்து கெட்டியாக ஒட்டிய கறுப்புப் பொருக்கு மட்டும் விதிவிலக்கு: ஈரமோ வீக்கமோ நாற்றமோ இல்லையென்றால் அதைத் தொடாமல் குதிகாலை அந்தரத்தில் வைத்தாலே போதும்.

புழு வைத்துவிட்டால் மண்ணெண்ணெய், பூச்சிமருந்து ஊற்றாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மூடாத புண்ணில் ஈ உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பகலிலும் கொசுவலை கட்டுங்கள்.

முட்டை, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்கிறார்களே?

இந்தப் பத்தியம்தான் பல புண்களை ஆறவிடாமல் வைத்திருக்கிறது. புண்ணிலிருந்து வடியும் நீரில் புரதம் போய்க்கொண்டே இருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும். 50 கிலோ உள்ளவருக்கு 63 முதல் 75 கிராம். கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் இதற்குப் போதாது. 2 முட்டை (12 கிராம்), அரை லிட்டர் பால் அல்லது தயிர் (16), ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் (13), 100 கிராம் மீன் (20), 50 கிராம் பருப்பில் செய்த சாம்பாரும் கூட்டும் (11) சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். சைவர்கள் மீனுக்குப் பதில் பனீர், சோயா, வேர்க்கடலை. நெல்லிக்காய், கொய்யாவில் வைட்டமின் சி கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். பீடி, சிகரெட் ரத்தக் குழாயைச் சுருக்கும். புகைத்துக்கொண்டே புண் ஆற வேண்டும் என்றால் கஷ்டம்.

மலம், மூத்திரம் பட்டுக்கொண்டே இருக்கிறது.

மூத்திரத்தை நேரம் வைத்து டியூப் விட்டு எடுப்பதும், மலத்தை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கழிக்கப் பழக்குவதும்தான் தீர்வு. டயாபர் மட்டும் நம்பினால் தோல் ஊறும். நனைந்தவுடன் மாற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, ஜிங்க் ஆக்சைடு களிம்போ வாஸ்லினோ மெல்லிசாகத் தடவுங்கள். நனையுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

காய்ச்சல், நடுக்கம், குழப்பமான பேச்சு, புண்ணைச் சுற்றி வீக்கமும் சூடும் பரவுதல், எலும்பு தெரிதல் அல்லது தட்டுப்படுதல், புண்ணிலிருந்து நிற்காத ரத்தம். ஹாலிவுட் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். எல்லா வசதியும் இருந்தும் 2004இல், தொற்று பிடித்த படுக்கைப் புண்ணுக்குச் சிகிச்சை பெற்றுவந்த நேரத்தில்தான் இறந்தார்.

முதுகுத்தண்டில் நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. புண்ணோ, அடைத்த டியூபோ, தேங்கிய மலமோ தூண்டி, ரத்த அழுத்தம் விருட்டென்று ஏறும்: மண்டை வெடிக்கிற தலைவலி, முகத்தில் வியர்வை, சிவப்பு. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், டியூப் மடங்கியிருக்கிறதா பாருங்கள். அடங்காவிட்டால் ஆம்புலன்ஸ். இவர்களுக்கு வழக்கமான ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணே 90, 100 என்றுதான் இருக்கும். 150 என்பது சாதாரணம் என்று யாராவது சொன்னால், அதை எடுத்துச் சொல்ல வேண்டியது வீட்டார்தான்.

ஆண்டிபயாட்டிக் எல்லாப் புண்ணுக்கும் தேவையில்லை. புண்ணின் மேல்பரப்பில் கிருமி எப்போதும் இருக்கும். பஞ்சால் தொட்டு எடுத்த டெஸ்டில் கிருமி வந்ததற்காக மட்டும் மாத்திரை சாப்பிட்டால் பலன் இல்லை. பல ஆண்டாக ஆறாத புண்ணின் ஓரம் தடித்துக் காலிபிளவர்போல் வளர்ந்தால் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், புற்றுநோயாக மாறியிருக்கலாம்.

எங்கே காட்டுவது?

சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம், தென்காசி அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் ஆகியவற்றுக்கு இதில் நெடுநாள் அனுபவம் உண்டு. சி.எம்.சி.யின் மறுவாழ்வுத் துறையைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸும், ஆய்க்குடியில் 1981இல் சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் முதுகுத்தண்டு அடிபட்டு வீல்சேருக்கு வந்தவர்களே. வீட்டை விட்டு நகர முடியாதவர்கள், 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஆதரவு சிகிச்சை செவிலியரைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஆபரேஷன் செய்து மூடியாகிவிட்டது. எப்போது உட்காரலாம்?

பக்கத்துச் சதையைத் திருப்பி மூடும் அறுவைக்குப் பிறகு 3 முதல் 6 வாரம் அந்தப் பக்கம் பாரம் விழாமல் படுத்தே இருக்க வேண்டும். பிறகு அறுவை மருத்துவர் அனுமதித்தால் முதல் நாள் 15 நிமிடம் மட்டும் உட்கார்ந்து, படுத்து, தோலைப் பார்க்க வேண்டும். நிறம் அரை மணியில் மறைந்தால் மறுநாள் இன்னொரு 15 நிமிடம் கூட்டலாம். மறையாவிட்டால் அன்றோடு நிறுத்தி, தோல் பழைய நிலைக்கு வந்தபின் முந்தைய அளவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். தானாக ஆறிய புண்ணுக்கும் இதே கணக்குதான். ஆறிய தழும்புக்குப் பழைய தோலின் வலுவில் 80 சதவீதத்துக்கு மேல் ஒருபோதும் வராது. அதனால் தினசரி சோதனையில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தத் தழும்பு.